காலியா, காலியில்லையா?

பலமனேர் பஸ் நிலையத்தில் கால் மணி நேரம் நின்று பார்ப்பவர்க்கு மொழிப்பாடம் ஒன்று செலவின்றிக் கிடைக்கும். சித்தூரிலிருந்து மொகிலி மலைப்பாதை ஏறி வரும் பஸ் உள்ளே நுழைகிறது. அது நிற்பதற்கு முன்பே மக்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். "காலி உந்தா?" என்கிறார் புங்கனூர்ப் பக்கத்துப் பெரியவர். "காலி இதியா?" என்கிறார் முள்பாகல் செல்லும் அம்மையார். "காலியா இருக்குதா?" என்று கேட்பது எங்கள் வீட்டுத் தமிழ். மொழி மூன்று; கேள்வி ஒன்று. அக்கேள்வியின் உயிர்ச்சொல்லும் ஒன்றே. அரபு நாட்டில் பிறந்து, உருதுவின் தோளேறி வந்த "காலி" என்னும் அச்சொல்லை மூன்று மொழியாரும் சண்டையின்றிப் பங்கிட்டுக் கொண்டோம்.

ஆந்திரம், கருநாடகம், தமிழகம் ஆகிய மூன்றும் கைகோக்கும் மூலையில் இருக்கிறது எங்கள் ஊர். 1953 அக்டோபர் முதல் நாள் வரை அது சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. நாம் பயிலும் திருப்பதியும் எங்கள் பலமனேரும் 2022 ஏப்ரல் வரை ஒரே மாவட்டம். இன்று திருப்பதி தனி மாவட்டம். எல்லைகள் இப்படி இடம் பெயர்ந்துகொண்டே இருக்க, "காலி" மட்டும் அசையாமல் நிற்கிறது. பஸ் இருக்கை காலி, குடம் காலி, வேலை காலி, வீடு காலி, சில நாட்களில் சட்டைப்பையும் காலி! ஒரு சொல் எத்தனை பாரத்தைச் சுமக்கிறது, பாருங்கள்.

இந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தின் வாயிலுக்குப் போனால்தான் தொல்லை தொடங்குகிறது. அங்கே "எம்ப்டி" உண்டு, "வேக்கண்ட்" உண்டு, "ஃப்ரீ" உண்டு, "அவைலபிள்" உண்டு. காலியில்லை என்று சொல்ல வேண்டுமானால் பட்டியல் இன்னும் நீளம்: "ஆக்குபைட்", "எங்கேஜ்டு", "ரிசர்வ்டு", "டேக்கன்", "பிஸி", "இன் யூஸ்", "ஃபுல்". அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்திருப்பார்கள். அகராதியை நம்பி ஏதேனும் ஒன்றை எடுத்துப் போட்டால் என்ன? யாருக்கு என்ன நட்டம்? சென்ற கோடை விடுமுறை வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

என் தாய்மாமனுக்குப் பெங்களூர்ச் சாலையில் பதினான்கு அறைகள் கொண்ட சிறிய லாட்ஜ் ஒன்று இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் சென்ற என்னை மாமா பிடித்துக்கொண்டார். "காலேஜ்ல இங்கிலீஷ் படிக்கிறே இல்ல? பெங்களூர்க்காரங்க, மெட்ராஸ்காரங்க எல்லாம் வர்றாங்க. நல்லா இங்கிலீஷ்ல அட்டை எழுதி இந்தச் சாவிப் பலகையில மாட்டுடா" என்றார். பெருமை யாரை விட்டது? அன்று மாலையே தடித்த அட்டையில், கொட்டை எழுத்தில், இருவகைச் சீட்டுகள் எழுதி முடித்தேன். அறைக்கு ஆள் இல்லையானால் "வேக்கண்ட்". இருந்தால் "ஆக்குபைட்". முகப்பில் அமரும் பையனுக்கும் விளக்கம் சொன்னேன். அவன் தெலுங்கு வீட்டுப் பிள்ளை. ஆங்கில எழுத்து தெரியும், ஆங்கிலம் தெரியாது. "இந்த அட்டை தொங்கினா ரூம் கொடுக்காதே, அந்த அட்டை தொங்கினா கொடு" என்றேன். "சரி அண்ணா" என்றான்.

முகூர்த்த நாள் ஒன்று வந்தது. திருமண வீட்டார் தொலைபேசியில் மூன்று அறைகள் கேட்டிருந்தனர். அவை வேறு யாருக்கும் போய்விடக்கூடாதல்லவா? நானே என் கையால் அம்மூன்று சாவிகளின்மேலும் "ஆக்குபைட்" அட்டையை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரவு பதினொரு மணிக்கு மேல், வேலூரில் கண்ணுக்கு மருத்துவம் செய்துகொண்டு திரும்பிய முதியவர் ஒருவரும் அவர் மனைவியும் வந்திருக்கிறார்கள். மதனப்பள்ளிக்குக் கடைசி பஸ் போய்விட்டது. ஓர் இரவுக்கு ஓர் அறை வேண்டும். பையன் பலகையைப் பார்த்தான். பதினான்கு சாவிக்கும் ஒரே அட்டை. இல்லையென்று சொல்லி அனுப்பிவிட்டான். ஒரு கண்ணில் கட்டுடன் அந்த முதியவர் பஸ் நிலையத்துச் சிமெண்டுத் திண்ணையில் படுத்திருந்தார். எங்கள் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் இரண்டாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பது. கோடையிலும் பின்னிரவில் காற்று சில்லென்று வீசும். திருமண வீட்டாரோ வரவேயில்லை. சத்திரத்திலேயே இடம் கிடைத்துவிட்டதாம். மூன்று அறைகளும் மெத்தை விரித்து, மின்விசிறி பொருத்தி, விடியும்வரை ஆளின்றிக் கிடந்தன.

விடியற்காலை தேநீர் குடிக்கப் போன மாமா அவர்களைக் கண்டு பேசியபோதுதான் செய்தி வெளிவந்தது. மாமா என்னைத் திட்டவில்லை. "அட்டையில என்னடா எழுதினே?" என்று மட்டும் கேட்டார். விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் எழுதியது பொய். அதுதான் உண்மை. "ஆக்குபைட்" என்றால் இந்த நொடியில் அங்கே ஓர் ஆள், அல்லது அவருடைய உடைமை, இருக்கிறது என்று பொருள். அது இடத்தின் நிலையைச் சொல்லும் சொல். கண்ணால் கண்டு சொல்லத்தக்க சொல். "பற்று, கைப்பற்று" என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் ஊரில் "இடம் பிடித்தல்" என்கிறோமே, அதே எண்ணம்தான்! படை ஒன்று நாட்டைப் பிடித்தாலும், குடித்தனக்காரர் வீட்டில் குடியேறினாலும், ஒருவர் நாற்காலியில் அமர்ந்தாலும் ஆங்கிலேயர் இந்த ஒரு சொல்லாலேயே சொல்லிவிடுவர். தமிழில் அவ்வாறு இயலாது. நாளேட்டுத் தமிழ் படையெடுத்துப் பிடித்த நாட்டையும், புறம்போக்கில் போட்ட கொட்டகையையும் "ஆக்கிரமிப்பு" என்றே எழுதுகிறது. அச்சொல்லில் குற்றம் கலந்திருக்கிறது. ஆகவே "ஆக்குபைட்" என்பதை ரயில் கழிவறைக் கதவில் கண்டு, "ஆக்கிரமிக்கப்பட்டது" என்று மொழிபெயர்த்தால் உள்ளே இருப்பவர் நம்மேல் வழக்குத் தொடரலாம்!

இச்சொல்லின் வரலாற்றிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு காலத்தில் ஆங்கிலேயர் இதை நாவால் சொல்லவே கூசினர். பெண்களைக் குறித்த கொச்சைப் பொருள் ஒன்று அதன்மேல் ஏறிவிட்டது. ஷேக்ஸ்பியரின் "நான்காம் ஹென்றி" நாடகத்தின் இரண்டாம் பகுதியில் ஒரு பாத்திரம், நல்ல சொல்லொன்று கெட்ட கூட்டத்தில் சேர்ந்து வீணாயிற்றே என்று இச்சொல்லைக் குறித்து நொந்துகொள்கிறது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டிருந்த அது, பின்னர் குளித்து முழுகி வந்து, இன்று விமானத்தின் கழிவறைக் கதவில்கூட மரியாதையாக நிற்கிறது. சட்டத்திலும் அதற்கு நாற்காலி கிடைத்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தொழிற்சாலையின் நடப்புகளில் இறுதி அதிகாரம் உடையவரை "ஆக்குபையர்" என்றது. அவர் அந்தக் கட்டடத்தில் ஒரு நாளும் உட்கார்ந்திராதவராக இருக்கலாம்! சட்டத்தார் சொற்களை இப்படி வளைப்பது உண்டு. நாம் அவர்களைப் பின்பற்ற வேண்டியதில்லை.

அப்படியானால் அம்மூன்று அறைகளின்மேல் நான் எந்தச் சொல்லை மாட்டியிருக்க வேண்டும்? இதை விளங்கிக்கொள்ள மீண்டும் எங்கள் ஊர் பஸ்ஸுக்குள் ஏறுவோம்.

பஸ் வந்து நின்றதும் சன்னல் வழியே ஒரு துண்டு உள்ளே பறக்கிறது. துண்டு விழுந்த இடம் துண்டுக்காரருடையது. இந்தச் சட்டம் எந்தச் சட்டமன்றத்திலும் நிறைவேறியதன்று. ஆயினும் சட்டமன்றத்தில் நிறைவேறியவற்றைவிட இதற்கு மதிப்பு மிகுதி. அருகில் ஓர் இருக்கை; அதற்கு மேல் "பெண்களுக்கு" என்று தெலுங்கில் எழுதியிருக்கிறது; இன்னும் யாரும் அமரவில்லை. அதற்கும் அடுத்ததில் ஒரு பெரியவர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். மூன்றும் "காலியில்லை". ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

பெரியவர் அமர்ந்திருப்பது "ஆக்குபைட்". பெண்களுக்கென்று எழுதியிருப்பது "ரிசர்வ்டு". பின்னுக்கு வைத்துக்கொள்ளுதல், எடுத்து ஒதுக்குதல் என்பது இச்சொல்லின் அடிப்பொருள். இங்கே ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது கேள்வியே அன்று. உரிமை இருக்கிறதா என்பதே கேள்வி. அவ்வுரிமையை வழங்க ஓர் அதிகாரமும் வேண்டும்: ஓர் அலுவலகம், ஒரு சீட்டு, ஒரு பலகை. துண்டு போட்ட இடமோ "டேக்கன்". அதற்கு அதிகாரம் எதுவும் இல்லை. எடுத்துக்கொண்டவரின் சொல்லே அதிகாரம். ஆங்கில நாட்டில் சிற்றுண்டிச்சாலையில் ஒருவர் மற்றொருவரிடம் "இந்த நாற்காலி டேக்கனா?" என்று பணிவாகக் கேட்பார். நம் தமிழில் இதற்கு நேரான தொடர் ஒன்று உண்டு. வெறும் இருக்கையைக் காட்டி, "இங்கே ஆள் இருக்கு" என்கிறோம் அல்லவா? ஆள் எங்கே இருக்கிறது? கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை! முறுக்கு வாங்கப் போயிருக்கிறது. இருப்பினும் "ஆள் இருக்கு" என்ற சொல்லைக் கேட்டதும் எதிரில் நிற்பவர் நகர்ந்துவிடுகிறார். இவ்வளவு துணிவான சொல்லாட்சி ஆங்கிலத்தில் உண்டா என்பது எனக்கு ஐயமே.

நம் நூலகத்துப் படிப்பறையிலும் இதே துண்டு வழக்கம் பையாகவும் குறிப்பேடாகவும் உருமாறி வாழ்கிறது. தேர்வுக் காலத்தில் காலை எட்டு மணிக்குப் பையை வைத்துவிட்டு விடுதியில் உறங்கி, பதினொரு மணிக்கு வந்து அமரும் நண்பர்களை நான் அறிவேன். பெயர் சொல்ல மாட்டேன். அவர்கள் "ரிசர்வ்" செய்திருப்பதாகக் கூறுவர். இல்லை, நண்பர்களே! உங்களுக்கு அந்த நாற்காலியை ஒதுக்கித் தந்தவர் யாருமில்லை. அது வெறும் "டேக்கன்". மற்றவர் மனம் வைத்தால் மதிக்கலாம். வைக்காவிட்டால் பையை எடுத்துத் தரையில் வைக்கலாம்.

ரயிலில் பயணம் செய்தவர்க்கு இவ்வேறுபாடுகள் உடம்பிலேயே பதிந்திருக்கும். ஆர்.ஏ.சி. சீட்டுடன் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் இருவர் எதிரெதிராக முழங்கால் இடிக்க அமர்ந்திருக்கிறார்களே, அவர்கள் நிலை என்ன? அமர உரிமை இருவருக்கும் உண்டு. படுக்கும் உரிமை இருவருக்கும் இல்லை. யாரேனும் ஒருவர் பயணத்தைக் கைவிட்டால்தான் இவர்களுள் ஒருவர்க்கு விமோசனம். இதை ஒரே சொல்லில் சொல்ல ஆங்கிலத்துக்கும் முடியாமல்தான் மூன்று எழுத்துகளாகச் சுருக்கி வைத்தார்கள்.

"எங்கேஜ்டு" என்பதற்கு வருவோம். இதன் வேர் பிரெஞ்சு மொழியில் பிணையம், ஈடு என்று பொருள்படும் சொல். வாக்குக் கொடுத்துக் கட்டுண்டிருப்பது என்பது கருத்து. நிச்சயதார்த்தம் ஆன பெண்ணையும் பிள்ளையையும் இச்சொல்லால் குறிப்பது அதனால்தான். இங்கிலாந்தில் பொதுக் கழிவறையின் தாழ்ப்பாளிலும் இதே சொல் நெடுங்காலமாக எழுதப்பட்டு வந்திருக்கிறது. மணமகனையும் கழிவறையையும் ஒரே சொல்லால் குறிக்கலாமா என்று அவர்கள் கவலைப்படவில்லை. தொலைபேசியில் மறுமுனை பேச்சில் இருந்தால் இங்கிலாந்தில் "எங்கேஜ்டு"; அமெரிக்காவில் "பிஸி". நம் நாட்டில் முன்னர் "எங்கேஜ்டு" என்றே சொல்லி வந்தோம். கைத்தொலைபேசி வந்தபின் அதிலுள்ள அம்மையாரின் குரல் "பிஸி" என்று நமக்குக் கற்பித்துவிட்டது.

இச்சொல்லின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், அதன் குறுமையில். இப்போது முடியாது, சற்றுப் பொறுத்தால் முடியும் என்னும் குறிப்பு அதில் உண்டு. கழிவறைக்கும் தொலைபேசிக்கும் பொருந்துவது அதனால்தான். வாடகைக்கு விட்ட வீட்டை "எங்கேஜ்டு" என்று ஒருவரும் சொல்வதில்லை; பத்தாண்டுக் குடித்தனக்காரர் வெளியே வரும்வரை வாசலில் நிற்க முடியுமா?

"இன் யூஸ்" என்பது இவை எல்லாவற்றிலிருந்தும் தனித்து நிற்கிறது. அது ஆளைப் பற்றியதன்று, வேலையைப் பற்றியது. நம் துறைக் கருத்தரங்கக் கூடத்தில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தால் அது "ஆக்குபைட்" ஆகலாம். "இன் யூஸ்" ஆகாது. அங்கே சொற்பொழிவு நடந்தால் "இன் யூஸ்". ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. மாணவர் உணவருந்தப் போய்விட்டார். அருகில் ஆளே இல்லை. ஆயினும் அக்கருவி "இன் யூஸ்"தான். அதன்மேல் அட்டை வைக்காமல் போனவருடைய மூன்று நாள் உழைப்பை, நல்ல எண்ணத்துடன் வந்த காவலர் ஒருவர் சுவிட்சை அணைத்து ஒரு நொடியில் முடித்துவைத்த கதை எனக்குத் தெரியும். "தொடாதே, வேலை நடக்கிறது" என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். நாற்காலிக்கு வேண்டாம். "யூஸ்டு" என்று எழுதிவிடவும் வேண்டாம். அது பழசு, பயன்படுத்தித் தீர்ந்தது என்றாகிவிடும்.

மறுபுறம், காலியின் பிள்ளைகளைப் பார்ப்போம். "எம்ப்டி" என்பது உள்ளே ஒன்றுமில்லாமை. குடம், பெட்டி, தெரு, வயிறு எல்லாவற்றுக்கும் ஆகும். "வேக்கண்ட்" அவ்வாறன்று. யாரேனும் இருக்கவேண்டிய இடத்தில் ஆள் இல்லாமை அது. பதவி "வேக்கண்ட்" ஆகலாம்; "எம்ப்டி" ஆகாது. குடம் "எம்ப்டி" ஆகலாம். "வேக்கண்ட்" ஆகாது, அதற்குள் யாரும் குடியிருப்பதில்லையாதலால். கட்டில், பீரோ எல்லாம் அப்படியே இருக்க, குடித்தனம் மட்டும் இல்லாத வீடு "வேக்கண்ட்". ஒரு துரும்பும் இல்லாமல் துடைத்துவிட்ட வீடு "எம்ப்டி".

"ஃப்ரீ" என்பதில் ஓர் ஆபத்து உண்டு. "இந்த இடம் ஃப்ரீயா?" என்று கேட்பது நல்ல ஆங்கிலம். அதை நம்பி, லாட்ஜ் வாசலுக்கு "ரூம்ஸ் ஃப்ரீ" என்று ஒரு பலகை எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "டேய், ஊரே வந்து படுத்துக்கும்டா!" என்று அலறிவிட்டார். சாலையோரத்து லாட்ஜுகள் அனைத்தும் "ரூம்ஸ் அவைலபிள்" என்று எழுதி வைத்திருப்பதன் அறிவுடைமை அன்றுதான் எனக்கு விளங்கிற்று. "அவைலபிள்" என்பது கொடுக்கத் தயார் என்னும் உறுதிமொழி. ஆள் இல்லாத அறையெல்லாம் கொடுக்கத்தக்க அறை ஆகிவிடாது. முன்னவர் போனார்; படுக்கை விரிப்பு கசங்கிக் கிடக்கிறது; பெருக்கவில்லை. அது "வேக்கண்ட்", ஆனால் "அவைலபிள்" அன்று. பெரிய ஓட்டல்களில் இதற்கென்றே தனிக்குறிகள் வைத்திருக்கிறார்கள்: ஆளில்லாத தூய அறைக்கு "வேக்கண்ட் கிளீன்", ஆள் போய் இன்னும் துப்புரவு செய்யாததற்கு "வேக்கண்ட் டர்ட்டி", குழாய் உடைந்ததற்கு "அவுட் ஆஃப் ஆர்டர்". முகப்பில் இருப்பவருக்கும் துப்புரவு செய்பவருக்கும் இடையே சொல் பிசகினால், இரவு பன்னிரண்டு மணிக்கு வந்த விருந்தினர் பிறர் படுத்த படுக்கையில் போய் விழுவார்.

"ஹவுஸ் ஃபுல்" பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது சினிமாக் கொட்டகை நமக்குத் தந்த செல்வம். சீட்டு தீர்ந்தது என்பதே அதன் பொருள்; உள்ளே இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தாலும் பலகை தொங்கும், இரசிகர் மாலை போடுவர்.

இவையெல்லாம் பஸ் இருக்கை, லாட்ஜ் அறை என்ற அளவோடு நின்றால் சிரித்துவிட்டுப் போகலாம். மருத்துவமனைக்கு வரும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. எங்கள் ஊரில் ஒருவர்க்கு நோய் முற்றினால் கீழே வேலூர், மேலே பெங்களூர் என்று இரண்டு திசைகள்தான். 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலை அடித்தபோது இரண்டு திசையிலும் படுக்கை இல்லை. பெங்களூரில் மாநகராட்சி நடத்திய படுக்கை ஒதுக்கீட்டுப் பட்டியலில் அப்போது ஒரு சொல் எல்லார் வாயிலும் அடிபட்டது: "பிளாக்டு". ஒரு நோயாளியின் பெயரில் ஒரு படுக்கையைக் கணினியில் பிடித்து வைத்துவிட்டால் அது "பிளாக்டு". அவர் வந்து படுக்கும்வரை, அல்லது குறித்த நேரம் கழிந்து அது விடுபடும்வரை, வேறு ஒருவர்க்குத் தர இயலாது. தேவையில்லாதவர் பெயரில் படுக்கைகள் பிடித்து வைக்கப்படுகின்றன என்ற குற்றச்சாட்டு அவ்வாண்டு மே மாதத்தில் பெரும் புயலாக எழுந்து, காவல்துறை விசாரணைவரை சென்றது. யார் குற்றவாளி என்னும் ஆராய்ச்சி இக்கட்டுரையின் வேலையன்று. சொல்லை மட்டும் பார்ப்போம். அந்தப் படுக்கையில் ஆள் இல்லை. ஆகவே "ஆக்குபைட்" அன்று. கொடுக்கவும் முடியாது, ஆகவே "அவைலபிள்" அன்று. வாசலில் ஆம்புலன்ஸில் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவரின் மகனுக்கு, பட்டியல் வெறும் "இல்லை" என்று சொன்னால், அவர் வேறு மருத்துவமனைக்கு ஓடுவார். "பிடித்து வைத்திருக்கிறோம், இன்ன நேரத்துக்குள் அவர் வராவிட்டால் விடுபடும்" என்று சொன்னால், அங்கேயே காத்திருக்கலாமா என்று அவரால் முடிவு செய்யவாவது இயலும்.

இதே தொடருக்கு இங்கிலாந்தில் நேர் எதிர்ப் பொருள் வழங்குகிறது. அங்கே "பெட் பிளாக்கர்" என்றால் உடல் தேறியும் படுக்கையை விட்டுப் போகாதவர். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமலோ முதியோர் இல்லத்தில் இடமில்லாமலோ மருத்துவமனையிலேயே தங்கிவிட்ட கிழவரும் கிழவியும் பெரும்பாலும் அப்பெயர் பெறுகிறார்கள். பெங்களூரில் ஆளில்லாத படுக்கை "பிளாக்டு". இலண்டனில் ஆள் படுத்திருக்கும் படுக்கை "பிளாக்டு". ஒரே சொல், இரு நாடுகள், தலைகீழ்ப் பொருள்! அந்தக் கிழவருக்குச் சூட்டிய பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. தங்குமிடம் தரத் தவறியவர்களை விட்டுவிட்டு, படுத்திருப்பவர்மேல் பழி போடுகிறது அது.

மருத்துவமனைகள் "ஆக்குபன்சி" என்று ஒரு விழுக்காடு கணக்கிடுகிறார்களே, அதுவும் சுவையானது. பல இடங்களில் நள்ளிரவில் எத்தனை பேர் படுக்கையில் இருக்கிறார்கள் என்று எண்ணி அதைக் கொண்டே கணக்கிடுவர். காலையில் ஒருவர் வந்து, மாலையில் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிவிட்டால், அவர் படுத்ததே கணக்கில் வராமல் போகக்கூடும். நூறு படுக்கையில் எண்பது பேர் என்ற கணக்கைக் கண்டு, பகலெல்லாம் இருபது படுக்கை சும்மா கிடக்கிறது என்று எழுதிவிடும் நண்பர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

என் அட்டைக்குத் திரும்புகிறேன். மறுநாளே பழையவற்றைக் கிழித்துவிட்டு நான்கு வகை எழுதினேன். ஆள் தங்கியிருக்கும் அறைக்கு "ஆக்குபைட்". முன்பணம் வாங்கிச் சீட்டுக் கொடுத்த அறைக்கு "ரிசர்வ்டு". பெருக்கித் துடைத்துத் தயாராக உள்ளதற்கு "அவைலபிள்". இன்னும் பெருக்காததற்கு "வேக்கண்ட்". தொலைபேசியில் மட்டும் கேட்டு, முன்பணம் அனுப்பாதவர்களுக்கு என்ன அட்டை? அதற்கு அட்டையே இல்லை என்று மாமா ஒரே போடாகப் போட்டுவிட்டார். "துண்டாவது போடணும்டா. போன்ல ஹலோ சொன்னா ரூம் ஆயிடுமா?" என்பது அவர் தீர்ப்பு.

ஒரு சிக்கல் மட்டும் அப்போதும் தீரவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு காணிப்பாக்கம் கோயிலுக்குப் போனவர் இரவு திரும்புவார். பெட்டி உள்ளே இருக்கிறது. சாவியோ முகப்புப் பலகையில் தொங்குகிறது. ஆள் இல்லையே, இது "ஆக்குபைட்" ஆகுமா என்று பையன் கேட்டான். ஆகும் என்றேன். உடைமை இருக்கும்வரை இடம் அவர் கையில்தான். அவன் தலையாட்டினான், ஆனால் முகத்தில் தெளிவில்லை.

தசரா விடுமுறைக்குப் போனபோது சாவிப் பலகையைப் பார்த்தேன். என் அட்டைகள் அப்படியே தொங்கின. திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் நீலப் பேனாவால், பையனுடைய கோணல் எழுத்தில், தெலுங்கில் ஏதோ இருந்தது. "ரிசர்வ்டு" அட்டையின் பின்னால் "வஸ்தாரு" என்று எழுதியிருந்தான். வருவார்கள் என்பது பொருள். "ஆக்குபைட்" அட்டைக்கு "உன்னாரு", அதாவது இருக்கிறார்கள். "அவைலபிள்" அட்டைக்கு "காலி". பெருக்காத அறையின் அட்டைக்கு ஒரு துடைப்பத்தின் படம்.

"இப்போ யாரையும் திருப்பி அனுப்பலையே?" என்று கேட்டேன்.

"லேது அண்ணா. ராத்திரி பத்து மணிக்கு 'வஸ்தாரு'க்கெல்லாம் போன் பண்ணிடறேன். வரலைன்னா அட்டையைத் திருப்பிடுவேன்" என்றான்.